செவ்வாய்க்கிழமை திறந்திருந்த சலூன்

சவரத் தொழிலில் வாய் பிசகினால் சமாளிக்கலாம், கை பிசகக் கூடாது. வீட்டில் நோயாளியை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் கையும் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் மனைவி செல்லம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. காலையும் மாலையும் அவளை நான் பார்த்துக்கொண்டேன். கண்டிக் கடைத்தெருவில் என் சலூன் திறந்திருக்கும் நேரம், பக்கத்து வீட்டிலிருந்த அவள் தங்கை பார்த்தாள்.

ஒரு வாய்தான்

கோட்டும் தலைப்பாகையுமாக வருவார் அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு நாள் அவருக்குச் சவரம் முடித்தேன். மனம் வீட்டில் கிடந்தது: கஞ்சி இறங்கியதோ இல்லையோ. துண்டால் அவர் வாயோரத்தை ஒற்றி, மோவாயை நிமிர்த்தி, "இன்னும் ஒரு வாய்தான், முழுங்கிடு" என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடிக்குள் என்னையே பார்த்தார்.

"என்னத்தை விழுங்கச் சொல்லுறாய்? சவுக்கார நுரையையோ?"

பாதி மீசை

ஒரு நாள் காலை செல்லம்மா கஞ்சியைத் துப்பினாள். கோப்பையை நங்கென்று வைத்துக் கத்தினேன். அவள் அழவில்லை, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்படியே கடைக்கு வந்தேன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி மீசை ஒதுக்க உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் வரும்போது கத்தி நடுங்கியது. இப்படியே போனால் கடையில் யாரையாவது கீறுவேன், இல்லாவிட்டால் வீட்டில் அவளைக் கைநீட்டி அடித்துவிடுவேன் என்று பயந்துபோனேன். கங்காணி மெதுவாக என் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினார்.

"போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க. பாதி மீசையோட நான் எங்க ஓடிறப் போறேன்?"

மடவளைக்காரர்

செவ்வாயன்று எங்கள் ஆட்கள் முடி வெட்டிக்கொள்ள மாட்டார்கள், கடை பூட்டு. அன்று முழுக்க அவளை நானே பார்க்க வேண்டும். புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி, சாயங்காலத்துக்குள் இருவரும் முறைத்துக்கொண்டிருப்போம். ஒரு செவ்வாய் பொய் சொன்னேன்: "மடவளை முஸ்லிம் யாவாரிங்க நாள் பாக்க மாட்டாங்க, வருவாங்க." கொழுந்தியாளை உட்காரவைத்துவிட்டுப் போய்க் கடையைத் திறந்து, வாடிக்கைக்காரர் கதிரையில் சாய்ந்து தூங்கினேன். அடுத்த செவ்வாயும் அப்படியே. நாலாவது செவ்வாய், மடவளை வியாபாரி ஒருவர் மெய்யாகவே வந்து நின்றார். பதறி எழுந்தவனைத் தோளில் அமுக்கினார்.

"எழும்ப வாணாம் தம்பி. கதிர இண்டக்கி ஒங்களுக்குத்தான் வேணும். என்ட தல வெள்ளிக்கெழம வரக்கும் தாங்கும்."

சட்டை

அவர் அப்படிச் சொன்னதும் பொய் உறுத்தத் தொடங்கியது. வீட்டுக்குப் போய், செல்லம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நல்ல கையால் என் சட்டைக் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"வேலை நாள்ல இங்கயெல்லாம் வெட்டுன முடியா இருக்கும். நாலு செவ்வாயா ஒரு முடி இல்ல. தூங்கிட்டு வந்தா நீங்க எம்மேல எரிஞ்சு விழுறதும் இல்ல. அடுத்த செவ்வாயும் போங்க."

இருபது வருஷமாகக் கண்டியில் எல்லா ஊர்க்காரரையும் தலை குனியச் சொன்ன எனக்கு, அவள் முன் நான் தலை குனிய அந்தச் செவ்வாய்க்கிழமைதான் வாய்த்தது.