தலையில் ஊற்றிய தண்ணீர்

சுனாமி வந்த அடுத்த மாதம், ஒரு வெளிநாட்டுத் தொலைக்காட்சி நிருபருக்கு மொழிபெயர்க்கப் போனேன். சிதம்பரம் கீழவீதியில் ஆங்கில ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்த என்னை, அவர் தங்கியிருந்த லாட்ஜ்காரர்தான் கைகாட்டிவிட்டார்.

கிள்ளைக்குப் பக்கத்து முகாமில், புருஷனை அலைக்குப் பறிகொடுத்த ஒரு பெண் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கடலைப் பார்த்தால் பயமாக இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார் நிருபர். கேட்டேன்.

"பயந்தா சோத்துக்கு எங்கக்கா போறது? ஒரு படகு குடுக்கச் சொல்லுங்க. எந்தம்பி நாளைக்கே கடலுக்குப் போவான்."

வார்த்தை மாறாமல் சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

பிறகு அவர் எடுத்த நிகழ்ச்சியை சிடியில் பார்த்தேன். முகம் அவளுடையது. குரல் வேறு யாரோ ஒருத்தியுடையது, விசும்பலோடு, ஆங்கிலத்தில்: "இனி ஆயுசுக்கும் நான் கடலைப் பார்க்க மாட்டேன்." ஃபோனில் நிருபரைக் கேட்டதற்கு, "அவள் முகம் அதைத்தானே சொன்னது" என்றார் நிதானமாக.

கிள்ளைக்குப் போய் அவளிடமே சொன்னேன்.

"எம்மொவத்துல அவன் வாய வச்சிக்கிட்டானா? த்தூ!" மணலில் துப்பினாள்.

அந்த நிகழ்ச்சிக்கு அவருக்கு விருது கிடைத்ததாம். அப்புறம் எந்த நாட்டில் நிலம் நடுங்கினாலும், குண்டு விழுந்தாலும், அங்கே அவர்தான் நின்றார்.

ஏழு வருஷம் கழித்து வந்த தானே புயலில் கடலூர் சித்தி வீட்டு ஓடெல்லாம் பறந்துவிட்டதென்று பார்க்கப் போயிருந்தேன். கரண்ட் இல்லை, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தெருமுனையில் குடங்களோடு லாரிக்குக் காத்துக் கிடந்தார்கள். எதிரே, சாய்ந்து கிடந்த தூங்குமூஞ்சி மரத்தின் முன்னால் அதே நிருபர். நல்ல வெயில். கேமராக்காரர் பாட்டில் தண்ணீரைத் திறந்து அவர் தலையில் ஊற்றினார், தோளிலும் கொஞ்சம் தெளித்தார். மழையில் நனைந்தபடி பேசுகிறாராம்.

வரிசையில் நின்ற ஒருத்தி கத்தினாள். "குடிக்கத் தண்ணியில்லாம நாங்க நிக்கிறோம், இவன் தலைக்கு ஊத்திக்கிறான் பாரு!"

அவர் திரும்பினார். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தார். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். அப்படியே சொன்னேன்.

"பிரமாதம். கேமரா முன்னால் சொல்வாளா? என்னைப் பற்றிய பகுதி மட்டும் வேண்டாம்."

அதையும் அவளிடம் சொன்னேன்.

"அவங்கூட என்னாக்கா பேச்சு? நீ வா இப்பிடி" என்று தன் பக்கத்தில் இடம்விட்டாள். சித்தி வீட்டுக் குடத்தை வாங்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றேன். "மேடம், மேடம்" என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் திரும்பவில்லை.