அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய கடிதம்

அம்மா கொண்டுவந்த கடிதத்தின் உறை ஏற்கெனவே கிழிந்திருந்தது. என் பெயருக்கு வந்த கடிதம். வீடு மாறி இரண்டு வருடமாகியும் முகவரிப் பதிவை மாற்றாமல் விட்டதால் அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தது. அது என் சோம்பல்.

அம்மாவுக்கு ஜெர்மன் வாசிக்க வராது. என் ஏழு வயதிலிருந்து அவருக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசித்துத் தமிழில் சொல்கிறேன். விசா, மருத்துவர், வீட்டுக்காரர், எல்லாம். இந்தக் கடிதத்தின் தலைப்பில் பங்குக் கோயிலின் சின்னம் இருந்தது. அண்ணாவின் மகளுக்கு அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம். நான் ஞானத்தாய். அதைப் பற்றிய கடிதம் என்று நினைத்து அம்மா சந்தோஷமாக ட்ராம் ஏறி வந்திருந்தார்.

சின்னத்தைப் பார்த்ததும் அது எதைப் பற்றிய கடிதம் என்று எனக்கு விளங்கிவிட்டது. ஆறு வாரத்துக்கு முன் நீதிமன்றத்தில் டெர்மின் எடுத்து, குறித்துக் கொடுத்த நேரத்துக்குப் போய், திருச்சபையை விட்டு விலகுவதாகக் கையெழுத்து வைத்திருந்தேன். இங்கே அதை நீதிமன்றத்தில்தான் பதியவேண்டும், அவர்கள் கோயிலுக்கு அறிவிப்பார்கள். விவாகரத்தான என் சிநேகிதியை பூசையில் நற்கருணை வாங்க, நன்மை எடுக்க, நின்ற வரிசையில் ஒரு சுவாமி கையைக் காட்டி ஒதுக்கினார். ஊர் பார்க்க ஒதுக்கினார். அந்த ஆத்திரத்தில் போனேன். வீட்டில் சொல்லவில்லை. ஞானஸ்நானத்துக்கு யாரும் என் பதிவைத் தேடப்போவதில்லை என்று முட்டாள்தனமாக நினைத்திருந்தேன்.

"வாசி பிள்ளை" என்றார் அம்மா.

பொய் சொல்லியிருக்கலாம். வேறு எதையாவது சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார். ஆனால் இருபத்தைந்து வருடமாக அவருக்கு இந்த நாட்டைச் சொல்லும் வாய் என்னுடையது. வரிக்கு வரி வாசித்தேன். எனக்கு இனி நன்மை கிடையாது. ஞானத்தாயாக நிற்கமுடியாது. சாகுமுன் மனம் வருந்தாவிட்டால் கோயில் அடக்கம் மறுக்கப்படலாம்.

அம்மா கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அப்ப உன்னை எங்க வைக்கிறது? அப்பாவுக்குப் பக்கத்தில ஏலாதோ?"

அப்பாவை அடக்கம் செய்தது நகரசபையின் சேமக்காலையில், இடத்தை யாரும் பறிக்கமாட்டார்கள் என்று சொன்னேன். அவர் கேட்டது இடத்தை அல்ல என்று எனக்கும் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் இருந்தது. பாப்பரசர் விலக்கிவைத்த ஒரு ஜெர்மன் அரசன் மன்னிப்புக் கேட்டு மூன்று நாள் பனியில் நின்றான். படை வைத்திருந்தவன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் அவனுக்கு என்ன பயம் என்று விளங்கியது. கூட நின்றால் தங்களுக்கும் நரகம் என்று அவனுடைய சனமே விலகத் தொடங்கியிருந்தது.

திரும்பச் சேருவதாக எழுதிக்கொடுக்கச் சொன்னார். ஏலாது என்றேன். கெஞ்சினார். ஏலாது என்றேன். பிறகு என் முன்னாலேயே அண்ணாவுக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சிக்கு ஞாயிறு வேலையாம். லீவு குடுக்கினமில்லை. நீ வேற ஆளைப் பார்."

மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. போனை வைத்ததும் கடிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து என் குப்பைவாளியில் போட்டார். தேத்தண்ணி வேண்டாம் என்று போய்விட்டார்.

ஞாயிறு நான் வீட்டில் இருந்தேன். மத்தியானம் அண்ணா போன் எடுத்தான்.

"அம்மா நன்மைக்கு எழும்பேல்ல. பேத்தியின்ர நாளில. சனமெல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்குது. கேட்டா வாய் திறக்கிறா இல்லை. உனக்கு ஏதும் தெரியுமோ?"

தெரியும் என்றேன். எனக்கு வேலை இல்லை, நான் திருச்சபையை விட்டு விலகிவிட்டேன், எனக்காக அம்மா பொய் சொன்னார், அந்தப் பொய்யோடு நன்மை எடுக்கப் பயந்திருக்கிறார் என்று சொன்னேன்.  போனில் அவனுக்குப் பின்னால் பிள்ளைகள் கத்துவது கேட்டது.

"விசரி" என்றான்.

"ஓம். அம்மா இப்ப எங்க?"

"எல்லாரும் ஹோலுக்குச் சாப்பிட வந்திட்டம். அவ இன்னும் கோயிலுக்கதான். கடைசி வாங்கில தனிய இருக்கிறா."

சப்பாத்தை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு வெளிக்கிட்டேன்.