கைப்பிடி ரப்பருக்கு அடியில்

"நம்ம பெயிண்டர் பாய் தவறிட்டாருபா" என்று டீக்கடைக்காரர் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவன் யார் பேச்சையும் முதல் தடவையில் நம்புவதில்லை. நானே போய்ப் பார்த்தேன். தஸ்தகீர் பாய் வீட்டு வாசலில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள்.

கடை தொடங்கிய புதிதில் என் சைக்கிள்கள் புதிதாகப் போய்ப் பழையதாகத் திரும்பி வரும். மணி, ரிம், ஹேண்டில்பார் என்று பளபளப்பதையெல்லாம் கழற்றிக்கொண்டு, துருப்பிடித்ததை மாட்டி அனுப்புவார்கள். "எல்லாத்துக்கும் பச்சை அடிச்சிடு பாய். காஞ்சிபுரத்துல எங்க பாத்தாலும் என் சாமான்னு தெரியணும்" என்றேன். "அடிக்கிறது பெரிசில்ல மொதலாளி, நிக்கணுமே!" என்றார்.

முலாம் போட்ட இரும்பில் பெயிண்ட் நிற்காது. நகத்தால் நெம்பினால் தோலாக உரிந்துவிடும். மனிதர்களை நான் சந்தேகப்பட்டேன் என்றால் பாய் பளபளப்பைச் சந்தேகப்பட்டார். சோடா உப்பு கரைத்த வெந்நீரில் கழுவிப் பிசுக்கு எடுப்பார். முகம் பார்க்கலாம்போல் இருந்த உலோகத்தை உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து மங்கலாக்குவார். கைப்பிடி ரப்பரைக்கூடக் கழற்றி அதன் அடியிலும் தேய்ப்பார். "உரியறது அங்கருந்துதான் ஆரம்பிக்கும்" என்பார். பிறகு தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். முத்து முத்தாக நின்றால் மறுபடியும் கழுவல்தான். விரித்த துணிபோலப் பரவினால்தான் பெயிண்ட் டப்பாவைத் திறப்பார்.

என் மகள் பிறந்த அன்று சர்க்கரைப் பொட்டலத்தோடு ஓடிப்போய் அவர் கையைப் பிடிக்கப் போனேன். தேய்த்து முடித்த ரிம்மைத் தூக்கிக்கொண்டு பின்னால் குதித்தார். "கிட்ட வராதபா! உன் தலையில இருக்கிற எண்ணெ ஒரு பஸ்ஸையே உரிச்சிடும்!" என்றார். வாயை மட்டும் திறந்தார். நான்தான் ஊட்டிவிட்டேன்.

இனி ஏகாம்பரம் விஷயம். பிள்ளையார்பாளையத்து நெசவாளியான அவர், ஒரு நாள் என் சைக்கிளைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஹேண்டில்பாரைப் பிடித்தேன், பச்சை என் உள்ளங்கையோடு உரிந்து வந்தது. அடியில் பளபளப்பு. "மாத்திட்டியா?" என்று கத்தினேன்.

"இல்லண்ணே! மழையில நனைஞ்சிக்கினு வந்தேன், அதான் உரிஞ்சிருக்குது" என்றார்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஏகாம்பரத்துக்குப் பட்டும் ஜரிகையும் கொடுக்கும் முதலாளியின் கணக்குப்பிள்ளையும் அதில் நின்றுகொண்டிருந்தார். நம்பித்தான் அவ்வளவு விலையுள்ள சரக்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். திருடன் என்று பெயர் வந்துவிட்டால் ஏகாம்பரத்தின் தறியில் அதன்பிறகு பாவு ஏறாது.

உள்ளே இருந்து பாய் வந்தார். என்னை விலக்கிவிட்டு ஹேண்டில்பாரைப் பார்த்தார். "இது என் வேலதான். பிசுக்கு சரியா போவல. தப்பு என்னோடது, அவர விடு" என்றார். அங்கேயே உட்கார்ந்து, வெளியில் தெரிந்த உலோகம் முழுவதையும் உப்புத்தாளால் மங்கலாக்கிவிட்டார். கணக்குப்பிள்ளை போய்விட்டார். ஏகாம்பரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுபடியும் பச்சை அடித்தபோது பாய் ரப்பரைக் கழற்றவில்லை. அவர் அப்படி விட்டு நான் பார்த்ததே இல்லை.

"ரப்பரைக் கழட்டலியே பாய்?"

"போ மொதலாளி, கடையப் பாரு."

அன்று பிடித்த சந்தேகம் பல வருஷம் என்னோடு இருந்தது. அன்று ஒரு நொடி நான் கண்ட பளபளப்பு நிஜம்தானா என்பது இனி ரப்பருக்கு அடியில்தான் தெரியும். அந்த ரப்பரை இழுத்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அடியில் கீறல் இருந்தால் பாயின் வேலை தோற்றுவிட்டது. இல்லாவிட்டால் பாய் பொய் சொல்லிவிட்டார். இரண்டில் எதையும் அவர் உயிரோடு இருக்கும்போது தெரிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அடக்கம் முடிந்து வந்ததும் அந்தச் சைக்கிளின் கைப்பிடி ரப்பரைக் கழற்றினேன். அடியில் என் முகம் தெரிந்தது. ஒரு கீறல் இல்லை.

அது என் ஹேண்டில்பாரே இல்லை. ஏகாம்பரம் விழுந்து உடைத்துவிட்டுப் பயத்தில் வேறொன்றை மாட்டிப் பச்சை பூசினாரோ, வேண்டுமென்றே மாற்றினாரோ, எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். பாய் அடித்த பெயிண்ட் ஒருநாளும் உரிந்ததில்லை. உரிந்தது என்று அவரே ஊர் முன்னால் சொன்னது பொய். அந்தப் பொய்க்காக அவர் காலைத் தொட்டிருக்க வேண்டும்போல் இருக்கிறது. தலையில் எண்ணெய் இருக்கிறது என்று அதற்கும் விட்டிருக்கமாட்டார்.

ரப்பரை மறுபடியும் மாட்டிவிட்டேன். பாய் ஞாபகமாக அந்த ஹேண்டில்பார் என்னிடமே இருக்கும். இன்று காலை ஏகாம்பரம் வேறு சைக்கிள் கேட்டு வந்தார். மணி, ரிம் எல்லாவற்றையும் வழக்கம்போலப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பார்க்கவில்லை.