பொங்கல் சீருக்குச் சுற்றிய கோடித்துணி

தங்கைக்குத் தலைப்பொங்கல் சீர் கொண்டுபோனது பரிதாபி வருஷம் தை மாதம். ஆங்கிலக் கணக்கில் 1913 ஜனவரி. அதற்கு முந்தைய ஆவணியில்தான் அவளை அம்பாசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் மாமியார் எங்களுக்குத் தூரத்து அத்தை முறை. மார்கழி பிறந்ததுமே அவரிடமிருந்து ஆள் வழியாகச் சேதி வந்தது: மூத்த மருமகளுக்கு வந்த சீரெல்லாம் பளபளக்கும் சீமைக் காகிதம் சுற்றி வந்ததாம், தெருவே கூடிப் பார்த்ததாம்.

திருநெல்வேலியில் அந்தக் காகிதம் ஒரே கடையில்தான் இருந்தது. விலையைக் கேட்டு வந்து சொன்னேன்.

"அந்தத் துட்டுக்கு இன்னொரு பானை வாங்கிரலாம்லே," என்றாள் அம்மா.

அப்பா இறந்தது சாதாரண வருஷம் ஆடியில். அதன்பின் வயல்கள் கைவிட்டுப்போய், தாலுகா கச்சேரியில் எனக்குக் கிடைத்த குமாஸ்தா சம்பளத்தில் வீடு ஓடியது. கச்சேரியில் கழித்துப்போட்ட பத்திரிகைகளைக் கேட்டு வாங்கிவந்து, கூழ் காய்ச்சி ஒட்டி, பானையைச் சுற்றிப் பார்த்தோம். கடலைப் பொட்டலம் போல இருந்தது. வாழைச்சருகு பொடிந்தது. தாமரை இலை ரயிலிலேயே வாடிவிடும்.

கடைசியில் அம்மா பெட்டியைத் திறந்தாள். உள்ளே கோடிச் சேலைகள்: கணவன் செத்த அன்று, உறவுக்காரர்கள் கொண்டுவந்து அவள் மேல் போட்ட புதுச் சேலைகள். சிலவற்றைத்தான் கட்டியிருந்தாள். மற்றவை மடிப்புக் கலையாமல் கிடந்தன. எது யார் போட்டது என்று அவளுக்கே நினைவில்லை.

"கோடிச்சேலைல்லா இது!" என்றேன்.

"அதுல எழுதியா இருக்கு? மஞ்சத்தண்ணியில முக்குனா மங்கலந்தான். ஒன் வேலையப் பாருலே."

வெள்ளைச் சேலைகள் இரண்டை மஞ்சளில் முக்கிக் காயவைத்து, துண்டு துண்டாகக் கிழித்து, பானை, வெல்லம், தேங்காய் எல்லாவற்றையும் சுற்றி முடிச்சுப் போட்டாள். சீமைக் காகிதத்தைவிட அழகாகவே இருந்தது.

அம்பாசமுத்திரத்தில் தெருப்பெண்கள் காத்திருந்தார்கள். மாமியார் பானையின் முடிச்சை அவிழ்த்தார். துணியின் அரக்குக் கரையை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தார்.

"ஏலே, இது எங்க எடுத்தது?"

"வீட்டுல இருந்தது அத்தை."

"இருக்கும், இருக்கும். நாந்தானே கொண்டாந்து ஒங்கம்மா மேல போட்டேன். வீரவநல்லூர்ல சொல்லி நெய்ய வச்ச கரைல்லா. ஒங்கப்பனத் தூக்குததுக்கு முன்னால போட்ட கோடி!"

ஒருத்தி சிரித்தாள். "பரவால்லயே, கோடி மஞ்சக் குளிச்சுட்டு வந்திருக்கு."

"பொங்கப்பானைக்கே தாலியறுத்துட்டாகளே," என்றாள் இன்னொருத்தி. இப்போது எல்லாரும் சிரித்தார்கள்.

மாமியார் சிரிக்கவில்லை. தங்கையைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். "ஏளா, ஒன் புருஷன் உசுரோட இருக்குதான்னு ஒங்காத்தாளுக்குத் தெரியுமா, தெரியாதா?"

மாப்பிள்ளை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் உள்ளே போய்விட்டார்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லு. இந்தத் துணியத் தூக்கிட்டு ஒங்கண்ணன் பின்னாலயே போ. இல்ல, இங்கன இரு. இருந்தா, நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒங்காத்தா வாசல மிதிக்கக் கூடாது."

தங்கைக்குப் பதினாறு வயது. அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, மீதி முடிச்சுகளைத் தானே அவிழ்த்தாள். துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து என் கையில் வைத்தாள்.

"கொண்டு போங்க," என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.

பானை, அரிசி, வெல்லம், தேங்காய், கரும்பு எல்லாம் உள்ளே போயின. எதையும் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் தரவும் இல்லை.

நடந்ததை ஒரு சொல் குறைக்காமல் அம்மாவிடம் சொன்னேன். அவள் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கரையில மஞ்சள் ஏறல. கரைய வெட்டிட்டுச் சுத்தியிருக்கணும்," என்றாள்.

அம்மா இறந்தது பிங்கள வருஷம், 1917 கார்த்திகையில். அம்பாசமுத்திரத்துக்கு ஆள் அனுப்பினேன். மாமியார் அதற்குள் படுத்த படுக்கையாகிவிட்டார்; பேச்சும் போய்விட்டிருந்தது. தடுக்க யாருமில்லை. மாப்பிள்ளை மட்டும் வந்தார்.

"கூப்பிட்டேன், வண்டியும் பூட்டியாச்சு," என்றார். "அவதான் வரலேன்னுட்டா."