கட்டில் சட்டத்துக்குள் ஓர் ஊர்

ஜவ்வாது மலையில் தன் ஊரைச் சுற்றியிருக்கும் புளியமரங்களில் சின்னராஜ் ஏறாத மரமே கிடையாது. மாசி மாதம் அவர் கிளைமேல் நின்று உலுக்குவார். ஈஸ்வரி கீழே பொறுக்குவாள். இருபது வருஷமாக மரத்தடியிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் புருஷனின் உள்ளங்கால்களைத்தான். போன மாசியில் கிளை முறிந்தது. உயிர் தப்பினாலும் வலது கை முன்போல மடங்கவில்லை. மரம் ஏறுகிற ஏணியை வாசல் சுவரில் சாய்த்துவைத்தார். அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

கல்யாணத்துக்கு ஈஸ்வரியின் அம்மா வீட்டில் கொடுத்த கயிற்றுக் கட்டில் ஆடியில் அறுந்து தொங்கியது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாத சின்னராஜ் அதைப் பின்ன ஆரம்பித்தார். பாதியில் கயிறு தீர்ந்தது. பழைய புடவையைக் கிழித்துச் செருகினார். அப்புறம் உரச்சாக்கு நூல், சாமை வைக்கோல், தார்ப்பாய்க் கிழிசல். வலது கை அமுக்கிப் பிடிக்கும், இடது கை இழுக்கும். ஒரு வரிசை மேலே ஏறும், இன்னொன்று பாதியில் திரும்பிவிடும். யாரும் சொல்லித் தரவில்லை. தப்பு என்று பிரிக்கவும் வேண்டியிருக்கவில்லை.

"இன்னாய்யா இது, படுத்தா முதுகெல்லாம் குத்தும் போல."

"படுக்கறதுக்கு இல்ல."

"பின்ன, கட்டில்ல சமைக்கப் போறியா?"

அவர் சிரித்தபடி அடுத்த புடவையைக் கிழித்தார். அது ஈஸ்வரி இன்னும் பழசென்று ஒதுக்காத புடவை.

மார்கழியில் தரையில் படுத்துப் படுத்து அவர் கை மரத்துப்போனது. காலையில் டீ டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. ஈஸ்வரி தம்பிக்குப் போன் போட்டாள். படவேட்டில் தச்சு வேலை செய்யும் அருள், ரம்பத்தையும் இரண்டு கட்டு நைலான் நாடாவையும் பைக்கில் கட்டிக்கொண்டு மலையேறி வந்தான்.

"மாமா, இத்த அறுத்துட்டு நாடா போட்டா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும். குருவிகூட இதவிட நேராக் கட்டும்."

"உங்கக்கா கட்டிலு. அவ சொல்றதுதான்" என்று சின்னராஜ் எழுந்துபோய் ஏணியருகே உட்கார்ந்தார்.

அறுக்க வசதியாக ஈஸ்வரி கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தாள். நாலடி பின்னால் வந்தவள் அப்படியே நின்றாள். மூலையில் சதுரமாக ஒரு நீலம். அவர்கள் கூரைமேல் கிடக்கும் தார்ப்பாயின் மிச்சம். அதிலிருந்து சிவப்பாக ஒரு கோடு, ரேஷன் கடைக்குப் போகிற மண்பாதை மாதிரியே வளைந்து போனது. பக்கத்தில் வைக்கோல் விரிந்து கிடந்தது, சாமைக் கொல்லையாக.

"டேய், ரம்பத்தை வை" என்றவள் வாசலைப் பார்த்துக் கேட்டாள். "இது நம்ம வூடாய்யா?"

"மரத்துமேல இருந்து பாத்தா அப்படித்தான் தெரியும்."

"இந்தப் பச்சை உருண்டை?"

"புளியமரம்."

"அதுக்குக் கீழ மஞ்சளா இருக்கே, கோழியா?"

"நீதான்."

அருள் சிரித்துவிட்டான். ஈஸ்வரி சிரிக்கவில்லை. தன் மஞ்சள் ரவிக்கைத் துணி அது, நகத்தளவுதான் இருந்தது. மேலே நின்று அவர் இத்தனையும் பார்த்திருக்கிறார். வாய்விட்டுச் சொல்கிற மனுஷன் இல்லை.

அவள் வெளியே வந்து ஏணியைத் தட்டிப் பார்த்தாள். "அருளு, இத்த அறுத்து வேற கட்டில் அடி. நாடாவ அதுல போடு."

சின்னராஜ் ஏணியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நகர்ந்து உட்கார்ந்தார்.

"மேல்படியில ஆணி இருக்கு. பாத்து அறு."

சாயந்திரம் புதுக்கட்டிலில் அவர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது, ஈஸ்வரி ரவிக்கையின் மிச்சத் துணியை அவர் மடியில் போட்டாள்.

"என்னைக் கொஞ்சம் பெருசாப் பண்ணு."

"மேல இருந்து பாத்தா அவ்ளோதான் தெரியும்."

"இப்போ கீழதான இருக்க. நல்லாப் பாத்துப் பண்ணு."

அவர் துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு இடது கையால் கிழித்தார்.