அப்புத்தளைக்குப் போன ஏசி

பழைய கார்ப் பிரியர்களின் குழுவில் இன்று ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ஏசி இல்லாத பழைய காருக்கு நாமளே செஞ்சு போடலாமா?"

எழுபதுகளில் பதுளையில் என் கணவர் போட்டார். வெயிலில் கார் ஏறினாலே எனக்கு வாந்தி வரும். அதற்காகவே எங்கோ கழித்துப் போட்ட கம்பிரஸரை எஞ்சினோடு பெல்ட்டில் பிணைத்து, பழைய ஃப்ரிட்ஜின் குழாய்களை டாஷ்போர்டுக்குக் கீழே வளைத்துப் பொருத்தினார்.

முதல் பயணம் மலைமேல் அப்புத்தளையில் இருந்த என் அம்மா வீட்டுக்கு. பண்டாரவளை தாண்டியதும் பனி மூடியது. என் பற்கள் தந்தியடித்தன.

"குளிருதா புள்ள?"

"இல்லைங்க, சுகமா இருக்கு."

காரை நிறுத்தினார். தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போர்த்திவிட்டார். ஏசியை மட்டும் அணைக்கவில்லை.

தாராளமாகப் போடலாம் தம்பி. முதலில் பக்கத்து சீட்டுக்கு, நடுங்கிக்கொண்டே பொய் சொல்ல ஓர் ஆளைத் தேடிக்கொள்ளுங்கள்.