மணியக்காவின் பன்னிரண்டு கணவன்மார்

மணியக்கா என்பது அவருடைய பெயர் அல்ல. எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாவது மாடியில் ஆண்டுக்கு நான்கு தடவை ஐந்து நாள் பயிற்சி நடக்கும். மக்களிடம் போய்க் கேள்வி கேட்டு, பதிலை எழுதி, அதை அலசி, அறிக்கை ஆக்குவது எப்படி என்று சொல்லித் தரும் பயிற்சி. திங்கள் கேள்வித்தாள், செவ்வாய் நேர்காணல், புதன் களப்பணி, வியாழன் புள்ளிவிவரம், வெள்ளி அறிக்கையும் சான்றிதழும். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர்கள்தான் எங்களில் பெரும்பாலோர். அவர்களை நிறுத்துவதற்காக அக்கா ஒரு சின்னப் பித்தளை மணி வாங்கி வைத்துக்கொண்டார். நேரம் முடிந்ததும் கதவோரம் நின்று ஒரே ஒரு தட்டு. யாராக இருந்தாலும் வாயை மூடிவிட வேண்டியதுதான். அப்படி வந்த பெயர்.

வியாழக்கிழமை வாத்தியார் நான். அக்கா என்னைவிட ஐந்து வயது இளையவர். ஆனாலும் எனக்கும் அவர் அக்காதான்.

அந்த மாடி முழுக்க அவர் கையில் இருந்தது. வருகிறவர்களின் பட்டியல், கழுத்தில் மாட்டும் அட்டை, எழுதுகிற பேனா, எழுதாத பேனா, இரண்டாவது வரிசையில் கால் ஆடுகிற நாற்காலி எல்லாம் அவருக்கு அத்துப்படி. முதல் நாள் காலையிலேயே முப்பது பேரின் முகத்தைப் பார்த்து, யார் தூங்குவார், யார் சண்டை போடுவார், யார் மதியத்துக்குமேல் நழுவுவார் என்று சொல்லிவிடுவார். என்னுடைய எந்தக் கணிப்பும் அவ்வளவு பலித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம், பயிற்சிக்கு வந்தவர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பேட்டி எடுத்துப் பழக வேண்டும். ஒரு தடவை இருபத்தொன்பது பேர்தான் வந்திருந்தார்கள். ஒரு அதிகாரி தனியாக நின்றார்.

"மணி, கொஞ்சம் உக்காருங்களேன். இவருக்கு ஆள் இல்ல" என்றார் எங்கள் இயக்குநர் மேடம்.

அக்கா மூலை நாற்காலியில் உட்கார்ந்தார். அதிகாரி தாளிலிருந்து தலையை எடுக்காமல் ஆரம்பித்தார்.

"உங்க கணவர் என்ன வேலை பாக்கறார்?"

அக்காவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அதிகாரியின் பேனா தாளில் பதில் எழுதும் இடத்துக்குப் போய்க் காத்துக்கொண்டிருந்தது. பாவமாக இருந்ததாம்.

"லாரி ஓட்டறார்" என்றார் அக்கா.

"எத்தனை பிள்ளைங்க?"

"மூணு."

இப்படித்தான் முதல் கணவர் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு ஆள் குறைகிற ஒவ்வொரு செவ்வாயும் மேடம் அக்காவையே கூப்பிட்டார். கப்பலில் சமையல்காரராக இருந்தவர், ஓடிப்போய்த் திரும்பி வந்தவர், பேசவே பேசாத தையல்காரர் என்று அக்காவின் குடும்ப வாழ்க்கை நாளுக்கு நாள் செழித்தது. வீட்டில் அவரும் அவருடைய அண்ணியும் மட்டும்தான். அண்ணன் இறந்து பல வருஷம் ஆகிறது. அவர் போன பிறகும் இவர்கள் இருவரும் பிரியவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று தினமும் ஒரு சண்டை போட்டுக்கொள்வார்கள். செவ்வாய்க்கிழமை அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணி கேட்பார்: "இன்னைக்கு யாரு?"

"தபால்காரர்."

"போன தடவையும் ஊர் சுத்தறவன்தானே? அடுத்த வாட்டி வீட்டோட இருக்கற மாதிரி ஒருத்தனைப் பாருடி."

ஆறு வருஷம் இது ஓடியது. பேட்டிகளை ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கிக் கொடுப்பார்கள். பேட்டி கொடுத்தவரின் பெயர் வெளியே தெரியக்கூடாது என்பதால் எல்லாம் வெறும் எண்கள். பழைய பதிவுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு பயிற்சித் தொகுப்பு செய்யலாம் என்று ஒரு விடுமுறைக் காலத்தில் நான் உட்கார்ந்தபோதுதான் குட்டு உடைந்தது. லாரிக்காரர் மனைவியும் கப்பல்காரர் மனைவியும் ஒரே மாதிரி "அது பெரிய கதைங்க, சுருக்கமா சொல்றேன்" என்றார்கள். குரலும் ஒன்று. ஒவ்வொரு பதிவின் முடிவிலும், காதைப் பிளக்கிற மாதிரி பக்கத்திலேயே ஒரு மணி.

நேரே அவர் மேசைக்குப் போனேன்.

"அக்கா, உங்களுக்கு மொத்தம் எத்தனை புருஷன்?"

அவர் பட்டியலில் கோடு போட்டுக்கொண்டே, "ஏன் சார்?" என்றார்.

"என் கணக்குல பதினொண்ணு வருது."

"பன்னெண்டு சார். ஒரு பொண்ணு ரெக்கார்டரை ஆன் பண்ண மறந்துட்டா."

மேடத்திடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் மூன்று பதிவுகளைக் கேட்டார். முகத்தில் ஈயாடவில்லை. அக்காவின் வேலைக்கு உலை வைத்துவிட்டோமோ என்று பயந்தேன். கடைசியில் மேடம் ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"ஆறு வருஷத்துல ஒருத்தர்கூட கல்யாணம் ஆச்சான்னு கேக்கலியே! நாம என்னத்தச் சொல்லிக் குடுத்தோம்?"

அதன்பிறகு எல்லா செவ்வாயும் அக்கா அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று ஏற்பாடானது. மறுநாள் காலை, பேட்டி எடுத்தவருக்கு விஷயம் சொல்லப்படும். மேடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "யாராவது ஒழுங்கா கேட்டா, உண்மையைச் சொல்லிடணும் மணி."

"கேக்கட்டும் மேடம்" என்றார் அக்கா.

ஒரு வருஷம் யாரும் கேட்கவில்லை. பிறகு ஒரு கண் மருத்துவமனையிலிருந்து, கண்ணாடிக்கு அளவு பார்க்கிற ஒருவர் பயிற்சிக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். திங்கட்கிழமை காலை அக்கா அவரைப் பார்த்து "இவர் தூங்குவார்" என்று சொல்லியிருந்தார். அக்காவின் கணிப்பு தப்பியது அந்த ஒரு தடவைதான்.

புதன்கிழமை எல்லோரும் களத்துக்குப் போயிருந்தார்கள். நான் காலியான அறையில் உட்கார்ந்து முந்தின நாள் பேட்டிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்காரரின் தாள் வந்தது.

அவர் கேள்வித்தாளைப் பார்த்தே கேட்கவில்லை. "இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று ஆரம்பித்திருக்கிறார். அக்கா ஒரு ஜவுளிக்கடையைப் பற்றி நாலு வரி அளந்திருக்கிறார். அவர் "சரிங்க" என்றுவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார். "பதினெட்டு நொடி மௌனம்" என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தார். வேலையே அதுதானே அவருக்கு. இந்த எழுத்து தெரிகிறதா, இந்த எழுத்து தெரிகிறதா என்று கேட்டுவிட்டு, எதிரே இருப்பவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துச் சொல்லும்வரை காத்திருப்பது.

அதற்கு அடுத்த வரி: "இல்லீங்க. அது பொய். நான் இதே ஆபீஸ்லதான் இருந்தேன். வீடு வீடா போய் சர்வே எடுக்கற வேலை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா ஆரம்பம் முதலே மூன்றாவது மாடியில் இருந்தவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மேலே படித்தேன்.

"ரொம்பப் பிடிச்ச வேலை. ஒரு மாசம்தான் இருந்தேன். ஒரு தெருவுல பதினெட்டு வீடு எடுத்தேன். பதினெட்டு ஃபாரமும் ஒரே மாதிரி வந்துச்சு. ஓட்டுக்கூரை, ரெண்டு ரூம், தெருக் குழாய்த் தண்ணி, காலையில அஞ்சரைக்கு வேலைக்குக் கிளம்பறார். நானே உக்காந்து எழுதிட்டேன்னு சொல்லிட்டாங்க."

"நீங்க எழுதலியா?"

"அது ஆலைக் குடியிருப்புங்க. எல்லா வீடும் ஒரே மாதிரி கட்டினது. எல்லாருக்கும் ஒரே ஷிஃப்ட். வேற எப்படி வரும்? வந்து பாருங்கன்னேன். யாரும் வரல. 'வீட்டில் உட்கார்ந்து நிரப்பியது போல் தெரிகிறது'ன்னு சிவப்பு மையில எழுதி, கள வேலையிலேருந்து எடுத்துட்டாங்க. நாலு மாசம் கழிச்சு ஹால் பாத்துக்க ஆள் வேணும்னாங்க. வந்துட்டேன்."

"யார் அப்படி எழுதினது?"

"ஒருத்தர். அப்பதான் புதுசா சேர்ந்திருந்தார். நல்ல மனுஷன்தான். அன்னைக்கு அவருக்கு நெறைய வேலை."

சிவப்பு மை என்று படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வருஷம் ஃபாரம் சரிபார்க்கிற வேலை என்னுடையது. அந்த வாக்கியமும் என்னுடையது. பெருமையோடு எழுதிய வாக்கியம். கைச்சரக்கைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூலையில் நின்று "நேர்ல வந்து பாருங்க சார்" என்ற மெலிந்த பெண்ணுக்கு முகமே இல்லாமல் போயிருந்தது எனக்கு. இருபத்து மூன்று வருஷமாக அந்தப் பெண் எனக்கு எழுதுகிற பேனாவாகத் தேடித் தந்துகொண்டிருந்திருக்கிறார்.

அவர் பக்கத்து அறையில் தேநீர்க் கோப்பைகளை எண்ணிக்கொண்டிருந்தார். வாசலில் போய் நின்றேன்.

"படிச்சிட்டீங்களா?" என்றார்.

"அக்கா, அது நான்னு தெரிஞ்சும் ஏன் இவ்வளவு நாளா..."

"என்னன்னு சொல்றது? 'சார், அன்னைக்கு நீங்க தப்பு'ன்னு வந்து நிக்கவா? மொதல்ல ரெண்டு வருஷம், யாராவது கேப்பாங்கன்னு பாத்தேன். அப்புறம் நீங்க என்னை யாருன்னே மறந்துட்டீங்க. நானும் விட்டுட்டேன்." கோப்பைகளை அடுக்கிவிட்டு நிமிர்ந்தார். "நேத்து அந்த மனுஷன் சும்மா உக்காந்திருந்தார் பாருங்க. எனக்கு வாய் தானா வந்துடுச்சு."

"இப்ப வந்து பாக்கறேன்" என்றேன்.

"எதை?"

"அந்தத் தெருவை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரொம்ப சீக்கிரம் சார்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

இரண்டு பஸ் மாறிப் போனோம். ஆலையை மூடிப் பல வருஷமாகிவிட்டதாம். குடியிருப்பு அப்படியே நின்றது. எதிரெதிரே ஒன்பது ஒன்பது வீடுகள். ஒரே அகலக் கதவு, ஒரே உயர ஜன்னல், ஒரே சரிவில் ஓட்டுக்கூரை. ஒரு வீட்டை அச்சு எடுத்துப் பதினெட்டு தடவை குத்தியதுபோல இருந்தது. நான் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நடந்தேன். இரண்டே நிமிஷம். அன்றைக்கு எனக்கு இல்லாமல் போன நேரம் அவ்வளவுதான்.

துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எங்களை நிறுத்தினார். "யாரைத் தேடறீங்க?"

"யாரையும் இல்லம்மா. ரொம்ப வருஷம் முன்னாடி இங்க கேள்வி கேக்க வந்தேன்" என்றார் அக்கா.

அந்த அம்மாள் உற்றுப் பார்த்தார். "ஒரு பொண்ணு வந்துச்சே, எங்க மாமியார் அதைப் புடிச்சு வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் மூட்டுவலியைப் பத்திப் பேசினாங்க. நீயா அது? குண்டாயிட்டியே!"

அக்கா சிரித்துச் சிரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது சிரிப்பால் வந்ததா என்று நான் கேட்கவில்லை. நடுத்தெருவிலேயே, "என்னை மன்னிச்சிடுங்கக்கா" என்றேன். அக்கா திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய ஃபாரங்களைக் கிடங்கிலிருந்து எப்போதோ கழித்துவிட்டார்கள். ஆனால் அக்காவின் பணிக்கோப்பில் என் வாக்கியம் இன்னும் இருந்தது. அதன் கீழேயே, பார்த்ததை எழுதி, தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டேன். மேடம் அக்காவைக் கூப்பிட்டு, புதன்கிழமைக் களப்பணியை எடுத்து நடத்த முடியுமா என்று கேட்டார்.

அக்கா உடனே தலையாட்டவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அண்ணி, "வெயில்ல கறுத்துடுவே" என்று இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, நடப்பதற்கு வசதியாக ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுத்தாராம்.

இப்போது மூன்று வருஷமாகப் புதன்கிழமைகள் அக்காவுடையவை. வேனில் முன் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். வந்த ஃபாரங்களைத் தெருவிலேயே, ஏதாவது ஒரு நிழலில் நின்று படிப்பார். சந்தேகம் வந்தால் எதுவும் எழுதமாட்டார், அந்த வீட்டுக்குப் போய்விடுவார். போன பயிற்சியில் ஓய்வுபெறப் போகிற ஒரு பெரிய அதிகாரி, மரத்தடியில் உட்கார்ந்தபடியே நான்கு வீட்டுக்குப் பதில் எழுதிவிட்டார். அக்கா ஃபாரத்தைப் பார்த்தார், எதிரே இருந்த வீட்டைப் பார்த்தார்.

"சார், மூணாம் நம்பர் வீட்டுல ரெண்டு ஆடு இருக்குன்னு போட்டிருக்கீங்க. வாங்க, எனக்கும் காட்டுங்க."

அதிகாரி அசடு வழிந்தார். "மேடம், முட்டி வலி. ஏறி இறங்க முடியல."

"அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று அக்கா அவர் கையைப் பிடித்து எழுப்பி, படி இல்லாத வீடாகப் பார்த்து ஒரு கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து ஒரு கிழவர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் முட்டி வலி. இருவரும் பேச உட்கார்ந்தவர்கள், வேன் கிளம்ப நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். அன்று கூடப் போயிருந்த நான் கடிகாரத்தைக் காட்டினேன். அக்கா எனக்குக் கை காட்டினார், பேசாமல் இரு என்று.